கழுத்தைத் திருப்பாத ஊர்

1. காலரா ஊசி

ஊர்ப் பேரைச் சொல்ல மாட்டேன். அங்கே இன்னும் பெண் கொடுத்துப் பெண் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் போகும் பாதையை விட்டு இறங்கி ஐந்து மைல் நடக்க வேண்டும், அவ்வளவு போதும். இரண்டாம் உலக யுத்தம் தொடங்க இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. நான் ஹெல்த் இன்ஸ்பெக்டராகச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பக்கத்து ஊர்களில் காலரா என்று ஊசிப் பெட்டியும் பிளீச்சிங் பவுடர் மூட்டையும் கொடுத்து அனுப்பினார்கள்.

உச்சி வெயில். கிணற்றடியில் பத்துப் பன்னிரண்டு ஆண்கள் எனக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார்கள். "ஏங்க, ஊர்க்கவுண்டர் வூடு எதுங்க?" என்று கேட்டேன். ஒரு தலையும் திரும்பவில்லை. ஒருவர் ஒரு பாதத்தை நகர்த்தினார். பிறகு மறு பாதத்தை. நட்ட கம்பத்தை அசைத்துத் திருப்புவதுபோல உடம்பு மொத்தமும் சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்தது. பிறகு அடுத்தவர். பிறகு அடுத்தவர். எல்லாரும் திரும்பி முடித்ததும் மரியாதைக்குச் சிரித்தார்கள். அத்தனை பல்லும் வறுத்த காப்பிக்கொட்டை நிறம். வெற்றிலைக் கறை என்று நினைத்தேன். அவர்களுக்கு நடுவிலிருந்து எட்டு வயதுப் பையன் ஒருவன் சிரித்தான். அவனுக்கும் அதே பல். என் கால் தானாக ஓர் அடி பின்னால் போனது. அதைச் சொல்ல வெட்கமில்லை.

கிணற்றை எட்டிப் பார்த்தேன். ஆழத்தில் என்றோ விழுந்த பித்தளைச் சொம்பு ஒன்று, கையை விட்டால் எடுத்துவிடலாம் போலத் துல்லியமாகத் தெரிந்தது. ஒரு மடக்குக் குடித்தேன். அப்படி ஒரு சுவை. 'முன்மாதிரிக் கிணறு' என்று நோட்டில் எழுதிக்கொண்டேன்.

அன்றைக்கே ஒரு சாவு. காலராவில் இல்லை, வயதாகி. இடுகாட்டில் வெட்டியிருந்த குழி நீளமாக இல்லை. வட்டமாக, ஆழமாக, இன்னொரு கிணறுபோல இருந்தது. பிணத்தை அதற்குள் உட்காரவைத்து மண்ணைத் தள்ளினார்கள். 'உட்கார்த்திப் புதைப்பது இவர்கள் குல வழக்கம்' என்று அதையும் எழுதினேன். யாரையும் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்பது கௌரவக் குறைச்சல் என்று நினைத்த வயது.

2. நான் சொன்ன ஒரு வார்த்தை

மாதம்மாள் என்று ஒருத்தி. புருஷனுக்கு முதுகு விறைத்துப்போயிருந்தது, குனிந்து வேலை செய்ய முடியாது. மூன்று வயதுப் பெண் குழந்தை, பேர் காவேரி. முத்து முத்தாகப் பால்பற்கள். ஊசி போட்டதும், "இந்தப் புள்ளையாச்சும் நல்லா இருக்கோணும் சாமி, என்ன பண்றது?" என்று கேட்டாள்.

"தண்ணியக் காய்ச்சிக் குடுங்க."

"எம்மா நேரம் காய்ச்சறதுங்க?"

புத்தகத்தில் இருந்தது பத்து நிமிஷம். நான் என் பங்குக்கு, "நல்லா சுண்டக் காய்ச்சுங்க. எவ்வளவு சுண்டுதோ அவ்வளவு நல்லது" என்றேன். கஷாயம் காய்ச்சும் ஊரில் அதைச் சொன்னால் எப்படிப் பிடித்துக்கொள்வார்கள் என்று யோசிக்கவில்லை.

3. வட்டக் குழி

நாலு வருஷம் கழித்து ஒரு டாக்டரோடு திரும்பப் போனேன். ஊர்க்காரர்களின் பல்லைப் பற்றிக் கேள்விப்பட்டு அவர் அந்தக் கிணற்றுத் தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பி முடிவும் வந்திருந்தது. பாறைக்கு அடியிலிருந்து புளோரைடு என்ற உப்பு அந்தத் தண்ணீரில் கரைந்து வருகிறது, கண்ணுக்கும் தெரியாது நாக்குக்கும் தெரியாது, பல்லில் ஏறி எலும்பில் இறங்குகிறது என்று டாக்டர் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். கடைசியில், "காய்ச்சினாலும் போகாது. சுண்டச் சுண்ட அந்த உப்பு இன்னும் கூடும்" என்றார். நான் அவரை முந்திக்கொண்டு மாதம்மாள் வீட்டுக்கு நடந்தேன்.

மாதம்மாள் வீட்டு அடுப்பில் பானை கொதித்துக்கொண்டிருந்தது. நாலு வருஷமாக ஒரு நாள் தவறாமல் பாதியாகச் சுண்டவைத்துக் கொடுத்திருக்கிறாள். காவேரி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். முழங்கால் இரண்டும் உள்பக்கம் வளைந்து ஒன்றோடொன்று உரசின. புதிதாக முளைத்த முன்பற்களில் பழுப்புக் கோடு விழுந்திருந்தது. "நீங்க சொன்னாப்பலயேதான் சாமி பண்றேன்" என்றாள் மாதம்மாள், பெருமையாக.

டாக்டர் ஊர்க்கவுண்டரிடம் சாவுச் சடங்கு பற்றி விசாரித்தார். நான் முந்திக்கொண்டு, குல வழக்கம் என்றேன். கவுண்டர் உடம்போடு என் பக்கம் திரும்பினார்.

"வளக்கமெல்லாம் இல்லீங்க. எங்க தாத்தனையெல்லாம் படுக்கப் போட்டுத்தான் பொதச்சாங்க. இப்ப படுக்க வெச்சா ஒடம்பு நிமுறமாட்டேங்குது. ஒடைக்கவா முடியும்?"

"எப்பலேர்ந்து?" என்றார் டாக்டர்.

"இந்தக் கெணத்த வெட்டுனதுக்கு அப்புறந்தான். அதுக்கு முன்ன எல்லாரும் மலை ஓடைத் தண்ணிதான் குடிச்சோம்."

சொல்லிவிட்டு அவரே கிணற்றைப் பார்த்தபடி நின்றார். கயிறு உருளையில் கிறீச்சிடும் சத்தம் மட்டும் கேட்டது. யாரோ குடத்தை நிரப்பிக்கொண்டுதான் இருந்தார்கள்.

4. கலங்கல் தண்ணீர்

ஓடையில் சின்னதாக ஓர் அணை, வடிகட்ட மணல் பில்டர், அங்கிருந்து ஊர் நடுவில் ஒரு தொட்டிக்குச் சுட்ட மண் குழாய். யுத்த காலத்தில் இரும்புக் குழாய் ஏது? ஆறு மாதத்தில் தண்ணீர் வந்தது. இலை வாசம், பிளீச்சிங் பவுடர் நெடி, மழை பெய்தால் செம்மண் கலங்கல். ஒருவரும் தொடவில்லை. கண்ணாடி மாதிரித் தண்ணீரை விட்டுவிட்டு மாடு மிதித்த தண்ணீரையா குடிப்பது என்றார்கள். அதுவரை என் உத்தியோகமே ஓடைத் தண்ணீர் குடிக்காதீர்கள், கிணற்றுக்குப் போங்கள் என்று ஊர் ஊராகச் சொல்வதுதான். இப்போது தலைகீழாகச் சொன்னால் யார் நம்புவார்கள்?

மாதம்மாளிடம் போனேன். "போன தடவையும் இப்பிடித்தானுங்க நல்லதுன்னு சொன்னீங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

ஊர் கூடியிருந்தபோது எழுந்து சொன்னேன். "இந்தக் காவேரிப் புள்ள காலு இப்பிடி ஆனதுல எனக்கும் பங்கு இருக்குங்க. சுண்டக் காய்ச்சச் சொன்னது நான். புத்தகத்துல அப்பிடி இல்ல. நானா சொன்னது." டாக்டர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். வேலை போய்விடும் என்று பயந்தார். எனக்கும் பயம்தான்.

மாதம்மாள் எழுந்து வீட்டுக்குப் போனாள். அடுப்பிலிருந்த பானையை எடுத்து வந்து எல்லார் முன்னாலும் கவிழ்த்தாள். அதே பானையை எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் போனாள். அவளுக்கு ஓடைத் தண்ணீர்மேல் நம்பிக்கை வந்ததா, போக வேறு கதி இல்லையா என்று இன்றுவரை தெரியாது. மறுநாள் தொட்டிக்கு நாலு குடம் வந்தது. மாசக் கடைசியில் கிணற்று உருளையைக் கழற்றினார்கள்.

புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். தெரிந்ததைச் சொல்லுங்கள், அதற்குமேல் ஒரு சொல் சேர்க்காதீர்கள். கண்ணால் பார்த்ததற்கு நீங்களே காரணம் எழுதிக்கொள்ளாமல் அங்கே இருப்பவர்களைக் கேளுங்கள்.

வேலை போகவில்லை. நாலைந்து வருஷம் கழித்து அந்தப் பக்கம் வேறு வேலையாகப் போனேன். காவேரிக்கு வலி குறைந்திருந்தது. கால் நேராகவில்லை, ஆகாது. அவளுக்கு ஒரு தம்பி பிறந்திருந்தான். கிணற்றுத் தண்ணீரே தெரியாதவன். தொட்டியடியில் எனக்கு முதுகைக் காட்டி விளையாடிக்கொண்டிருந்தான். "டேய் தம்பி" என்று கூப்பிட்டேன்.

அவன் உட்கார்ந்த இடத்திலிருந்து கழுத்தை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தான். பக்கத்தில் நின்ற மாதம்மாள் அதைப் பார்த்துவிட்டு, "எங்க வூட்டுல இவன் ஒருத்தந்தான் சாமி இப்பிடித் திரும்பறான். எங்களுக்கே பாக்க ஒரு மாதிரி இருக்குதுங்க" என்றாள்.