நாத்தனார் கட்டும் வெள்ளை நூல்

என் தையல் பெட்டியில் வெள்ளை நூல் நிற்பதே இல்லை. எடுப்பது யாரென்று எனக்குத் தெரியும். என் நாத்தனார்தான். ஒரு பட்டன்கூடத் தைக்கத் தெரியாதவளுக்கு நூல் எதற்கு என்றால், கட்டடங்களுக்கு.

அவள் நகராட்சியில் சொத்துப் பிரிவு அதிகாரி. நகராட்சிக் கட்டடங்களில் எது உபயோகத்தில் இருக்கிறது, எது சும்மா கிடக்கிறது என்று பார்த்து, எதை வைத்துக்கொள்வது, எதை வாடகைக்கு விடுவது, எதை விற்பது என்று முடிவு சொல்ல வேண்டியவள். நேரில் போய்க் கேட்டால் யார் உண்மையைச் சொல்வார்கள்? தினமும் ஆள் வந்துகொண்டேதான் இருக்கிறது என்று எல்லா வாட்ச்மேனும் சத்தியம் செய்வார்கள். அதனால் யாருக்கும் தெரியாமல் கதவுக்குக் குறுக்கே முழங்கால் உயரத்தில் ஒரு நூலைக் கட்டிவிட்டு வருவாள். அடுத்த வாரம் போய்ப் பார்ப்பாள். நூல் அறுந்திருந்தால் கட்டடம் பிழைத்தது. அப்படியே இருந்தால் போச்சு. வாசகசாலை என்று பலகை மாட்டிய ஓர் இடத்தில், கட்டிய நூலின் மேல் சிலந்தி வலையே பின்னியிருந்ததாம். ஊரில் அவளுக்கு நூல்கார அம்மா என்று பெயர்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்கள் வீட்டு மாடியில்தான் இருக்கிறாள். பேச்சு வெட்டு ஒன்று, துண்டு இரண்டு. நான் இந்த வீட்டுக்கு வந்த புதிதில் என் சமையல் எப்படி என்று கேட்டதற்கு, உப்பு சரியாக இருக்கிறது என்றாள். மற்றதைப் பற்றி இன்றுவரை வாய் திறக்கவில்லை. ஆனால் அண்ணன் என்றால் அவளுக்கு உயிர். இத்தனை வருஷ சர்வீஸில் முதல்முறையாக அவளுக்கென்று ஒரு தனி அறை கொடுத்தபோது எங்களைக் கூட்டிப்போய், அந்த நாற்காலியில் முதலில் என் வீட்டுக்காரரைத்தான் உட்கார வைத்தாள்.

இவர் அதே நகராட்சியில் தெருவிளக்கு எலக்ட்ரீஷியனாக இருந்தவர். ரிட்டயர் ஆன கையோடு இருதய ஆபரேஷன். அதற்குப் பிறகு சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். அவ்வப்போது பல்பை அண்ணாந்து பார்ப்பார், அவ்வளவுதான். அப்போதுதான் இவருடைய பழைய கூட்டாளிகள் கண்டக்டர், தையல்காரர், முடிவெட்டுகிறவர் மூன்று பேரும் ஒரு கேரம் போர்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தெருவிளக்குச் சாமான் போட்டு வைத்திருந்த பழைய கிடங்கு காலியாக இருந்தது. நகராட்சியில் கேட்டுச் சாவி வாங்கினார்கள். சாயந்திரம் ஆனால் இவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புவார். திரும்பி வரும்போது யாராவது ஒருத்தரைத் திட்டிக்கொண்டே வருவார். எனக்குக் கேட்கச் சந்தோஷமாக இருக்கும். மருந்து மாத்திரையைவிட அந்தக் கிடங்குதான் மனுஷனை எனக்குத் திருப்பிக் கொடுத்தது.

அந்தக் கதவிலும் நூல் கட்டினாள், மகராசி.

சாயந்திரம் கட்டிய நூல் அறுந்தது. காலையில் கட்டியது பகலெல்லாம் அப்படியே இருந்தது. அதே தெருவில் தடுப்பூசி போடும் நர்ஸுக்கு இடமில்லாமல், ஒரு தனியார் வீட்டு மாடியில் வாடகைக்கு அறை எடுத்திருந்தார்கள். செங்குத்துப் படிக்கட்டு. பச்சைப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தாய்மார்கள் ஏறி இறங்கினார்கள். கிடங்கை நர்ஸுக்குக் கொடுத்துவிடலாம் என்று எழுதிவிட்டாள். காலையில் அவர்கள், சாயந்திரம் இவர்கள் என்று வைக்கக் கூடாதா என்று கேட்டேன். மருந்து இருக்கும் அறையின் சாவி வெளியாள் கையில் இருக்கக் கூடாது என்றாள். நியாயம்தான். நியாயமாக இருந்ததுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

"எழுதும்போது உன் அண்ணன் முகம் ஞாபகம் வரலையா?" என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன்.

"வந்துச்சு அண்ணி. அதனாலதான் ரெண்டாவது தடவையும் போய்க் கட்டிப் பார்த்தேன்."

அன்றிலிருந்து இவர் தங்கையோடு பேசுவதை நிறுத்தினார். நடுவில் தபால்காரியாக நான். மோட்டாரை நிறுத்தச் சொல் என்பார் இவர். நிறுத்தியாச்சு என்று சொல்லுங்கள் என்பாள் அவள். இரண்டு பேரும் ஒரே அறையில்தான் நின்றுகொண்டிருப்பார்கள். இவர் மறுபடியும் சுவரைப் பார்க்க ஆரம்பித்தார். இந்தத் தடவை பல்பைக்கூடப் பார்க்கவில்லை. நான் மாடிக்குக் காபி கொண்டுபோவதை நிறுத்தினேன்.

கொஞ்ச நாள் கழித்துக் கண்டக்டர் வந்தார். நகராட்சி ஆபீஸிலேயே ஓர் அறை கொடுத்திருக்கிறார்களாம். பகலில் சான்றிதழ் வாங்க வருகிறவர்கள் உட்கார, ஐந்து மணிக்கு மேல் கேரம் ஆட. மூன்று பேரும் அங்கே ஆடத் தொடங்கிவிட்டார்கள். அவள் போடும் பிச்சை தனக்கு வேண்டாம் என்று இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மனசு கேட்காமல் நானே போய்ப் பார்த்தேன். முன்பு இவரை நாற்காலியில் உட்கார வைத்த அதே அறைதான். கதவில் பெயர்ப்பலகை இருந்த இடத்தில் நாலு ஆணித் துளை மட்டும் இருந்தது. பியூனைக் கேட்டேன்.

"அம்மா ரூமேதாங்க. அவங்க கதவுலயே நூலைக் கட்டிட்டு ஒரு வாரம் கட்டடம் பார்க்கப் போயிட்டாங்க. வந்து பார்த்தா நூல் அப்படியே இருந்துச்சு. இதுவும் சும்மாதான் கிடக்குதுன்னு சொல்லி மேசையைத் தூக்கச் சொல்லிட்டாங்க."

மேசை இப்போது பெரிய ஹாலில், ஜெராக்ஸ் மெஷினுக்கும் தண்ணீர் கேனுக்கும் நடுவில் கிடந்தது. மின்விசிறிக் காற்று எட்டாத மூலை. அன்று சாயந்திரமே மாடிக்குக் காபி கொண்டுபோய் வைத்துவிட்டு, இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

மறுநாள் சாயந்திரம் இவர் சட்டையை மாட்டிக்கொண்டார். துணைக்கு நானும் போனேன். கண்டக்டர் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். மற்ற இரண்டு பேரும் போர்டில் பவுடர் தூவிக்கொண்டிருந்தார்கள். இவர் உள்ளே போகாமல் அந்த ஆணித் துளைகளை விரலால் தடவிக்கொண்டு நின்றார். பிறகு ஹால் பக்கம் திரும்பினார். அவள் மூலையில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள்.

"நாலாவது கை இல்ல. வா."

அவள் பழக்கதோஷத்தில் என்னைப் பார்த்தாள். "வேலை இருக்குன்னு சொல்லுங்க அண்ணி."

"அவகிட்ட என்ன சொல்றது? அஞ்சு மணிக்கு மேல இங்க ஆபீஸ் கிடையாது. உத்தரவு போட்டவ நீதானே? வந்து உட்காரு."

அவளுடைய பழைய நாற்காலி அந்த அறையில்தான் இருந்தது. இவர் அதை இழுத்துப் போட்டார். கேரம் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே வராது. முதல் அடியிலேயே ஸ்ட்ரைக்கர் போய்க் குழியில் விழுந்தது.

"இன்னும் அப்படியேதான் அடிக்கிற," என்றார் இவர்.

அப்போதுதான் அவள் அழுதாள். எனக்கு அங்கே வேலை இல்லை என்று நான் வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டேன்.