வாத்தியார் நோட்டில் காலியாக இருந்த மூன்று கட்டங்கள்

முந்திரிப் பழம் கீழே விழுந்து, வெயிலில் புளித்து ஒரு வாசனை வரும். அதோடு டர்பன்டைன் வாசனையும் கலந்தால் எனக்கு அந்த பங்களா ஞாபகம் வந்துவிடும்.

கோர்வையாகச் சொல்ல வராது. அதனால் முதலிலேயே வரிசை போட்டுக்கொள்கிறேன்.

1. எங்கே இருந்தோம், யார் யார்.
2. மாலை வாசிப்பும் அதன் விதியும்.
3. என் எழுத்தில் ஒரு வரிகூட யார் மனதிலும் நிற்காதது.
4. நான் பாதியில் கிளம்பியது.

எண்பதுகளின் தொடக்கம். நான் பெரம்பலூரில் பள்ளிக்கூட வாத்தியார். உடையார்பாளையத்துக்கு வெளியே, முந்திரித் தோப்புக்குள் ஒரு பழைய பங்களா பூட்டிக் கிடந்தது. அதன் சொந்தக்காரர் மதராசில் இருந்தார். எழுதுகிறவர்களும் படம் வரைகிறவர்களும் தங்கி வேலை பார்க்கட்டும் என்று கோடையில் நாற்பது நாள் திறந்துவிட்டார். ஆறு பேரோ ஏழு பேரோ போனோம்.

பத்மாக்கா அரியலூரில் தபால் ஆபீஸ் வேலை, சிறுகதை எழுதுவார். பூலாம்பாடி மாணிக்கம் ஓவியர். எந்நேரமும் யாரையாவது கிண்டல் செய்துகொண்டிருப்பார். சமையலுக்கு உள்ளூர்க் காசியம்மா.

பகலெல்லாம் அவரவர் மூலையில் வேலை. நாலு மணி டீக்குப் பிறகு கூடத்தில் ஒருவர், சில நாள் இருவர், அன்று எழுதியதைப் படிப்பார்கள்.

விதியைப் போட்டது பத்மாக்கா.

"நல்லாருக்கு, நல்லால்லன்னு யாரும் வாயத் தொறக்கப்படாது. மனசுல நின்ன ஒரு வரியத் திருப்பிச் சொல்லுங்க, போதும். அதுவும் இங்கயே, அப்பவே. அப்புறம் தனியாக் கூப்பிட்டுச் சொன்னா அது முகஸ்துதி."

எந்த வரியும் நிற்கவில்லை என்றால் சும்மா இருக்கலாம். அந்த மௌனத்துக்குத்தான் எல்லோரும் பயந்தோம்.

காசியம்மாவும் கதவோரம் நின்று கேட்பார். "அந்தக் கெணத்துல வாளி வுளுந்துச்சே, அது எனக்குக் கேட்டுச்சுங்க" என்று ஒரு நாள் சொன்னார். எழுதியவருக்குக் கண் கலங்கிவிட்டது.

கணக்கெழுதுவது என் வேலை. யாரும் சொல்லவில்லை, நானாக எடுத்துக்கொண்டேன். நீள நோட்டில் கட்டம் போட்டு, படித்தவர் பெயர், நின்ற வரி, அதைச் சொன்னவர் என்று நிரப்பினேன்.

என் முறை மூன்று தடவை வந்தது. அதற்கு முன்பே மனதுக்குள் ஒரு முடிவு. மூன்றில் ஒரு தடவையாவது ஒரு வரி திரும்பி வந்தால் தொடர்ந்து எழுதுவது. இல்லையென்றால் பேசாமல் பாடம் நடத்துவது.

படித்து முடிக்கும்போது எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். "அவ்வளவுதாங்க" என்று சொல்லி எழுந்து, பின்கட்டுப் பானையில் தண்ணீர் குடித்து, முகம் கழுவிக்கொண்டு வருவேன். திரும்பி வரும்போது பேச்சு வேறு எங்கோ போயிருக்கும், அல்லது அடுத்தவர் ஆரம்பித்திருப்பார். யாரும் என்னை நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள்.

மூன்று தடவையும் அப்படித்தான்...

நோட்டில் என் பெயருக்கு நேரே மூன்று கட்டங்கள் காலி.

மூன்றாவது வாசிப்புக்கு மறுநாள் காலையில், எழுதியதையெல்லாம் அடுப்பெரிக்கக் காசியம்மாவிடம் கொடுத்துவிட்டுப் பெட்டியைக் கட்டினேன். இன்னும் பத்து நாள் பாக்கி இருந்தது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு பொய்.

வாசலில் மாணிக்கம் குரல் கொடுத்தார். "வாத்தியாரு செருப்பு மொதல்லேருந்தே வாசலப் பாத்துத்தானய்யா கெடக்குது!"

எல்லோரும் சிரித்தார்கள். செருப்பைத் திருப்பி விடுவது என் பழக்கம்தான். பயந்தாங்கொள்ளி என்று சொல்கிறார்கள் என எடுத்துக்கொண்டேன். பஸ்ஸில் அரியலூர் வரும்வரை அந்தச் சிரிப்பு காதிலேயே இருந்தது. அதன் பிறகு நான் கதை எழுதவில்லை.

இதுவரை நேற்றே எழுதிவிட்டேன். ஆறு பேரா ஏழு பேரா என்பது மட்டும் உறுத்தியது. இன்று காலை மாணிக்கத்துக்குப் போன் செய்தேன். அவருக்கும் வயதாகிவிட்டது, கை நடுக்கத்தில் படம் வரைவதில்லையாம். குரலில் மட்டும் கிண்டல் போகவில்லை.

"ஏழு பேரு வாத்தியாரே. காசியம்மாவச் சேத்தா எட்டு. ஏன், இன்னும் அந்த நோட்டு வெச்சிருக்கீங்களா?"

இருக்கிறது, என் மூன்று கட்டம்தான் காலி என்றேன்.

"காலியா? அந்த மருமகன் கதைய வுட்டுட்டீங்களா?"

எந்த மருமகன் என்றேன்.

"அட, நீங்க கடைசியாப் படிச்சதுங்க. 'வந்தவர் செருப்பை வாசல் பக்கம் திருப்பி விட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைந்தார்.' நீங்க தண்ணி குடிக்கப் போனதும் காசியம்மா கரண்டியோட முன்னால வந்துருச்சு. 'அந்தாளு ஒக்கார வரலீங்க, ஓட வந்துருக்கான்'னுச்சு. நாலு பேரு அதே வரியத்தான் சொன்னோம். நோட்டுல எழுதிருவோம்னு பத்மாக்கா எடுத்தாங்க. வாத்தியாரு நோட்டுல நாம கை வெக்கப்படாதுன்னு நாந்தான் தடுத்துட்டேன். பின்கட்டுல ஒங்களுக்குக் கேட்டிருக்கும்னுதான் நெனச்சோம். ஊருக்குக் கெளம்புறப்பக்கூட அதச் சொல்லித்தானே சிரிச்சோம்!"

அந்த வரி நான் எழுதியது என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

இப்போதெல்லாம் ஒரு பதிவு போட்டால் ஐந்து நிமிஷத்தில் கட்டைவிரல்கள் வரிசையாக வந்துவிடுகின்றன. அன்புக்கு நன்றி. ஆனால் எந்த வரி நின்றது என்று யாரும் சொல்வதில்லை, கேட்க எனக்கும் தைரியமில்லை.

நண்பர்களே, மேலே போட்ட வரிசையில் மூன்றாவதாக எழுதியதை அழிக்காமல் விட்டிருக்கிறேன். மத்தியானம் நோட்டை எடுத்து அந்தக் கட்டத்தை நிரப்பலாம் என்று பேனாவைத் திறந்து, மூடி வைத்துவிட்டேன். இத்தனை வருஷம் கழித்து நிரப்பி என்ன ஆகப்போகிறது என்று ஓர் அசதி. இருந்தாலும் பிள்ளைகள் நோட்டில் தப்பைச் சுழித்தே காலம் தள்ளியவன், என் தப்பை மட்டும் அப்படியே விட முடியாது.

மூன்றாவது தவறு.