சமையலறையை ஒட்டிய அறை

திருப்பதியில் அந்த அடுக்குமாடி வீட்டின் வரைபடத்தை நான் பார்த்திருக்கிறேன். சமையலறையை ஒட்டி ஒரு சிறிய கட்டம். ஐந்தடிக்கு ஏழடி. உள்ளே ஆங்கிலத்தில் ‘சர்வண்ட் ரூம்’ என்று அச்சடித்திருந்தார்கள்.

தொண்ணூறுகளின் கடைசி. அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலையிலிருந்த ஒருவர், அப்பா இறந்தபின் தனியாகிவிட்ட தன் அம்மாவுக்காக அந்த வீட்டை வாங்கினார். அம்மாவுக்குத் துணையாக வரதய்யபாளையம் பக்கத்திலிருந்து என்னை வரவழைத்தார்கள். நான் போய்ச் சேர்ந்தது ஆவணியில், ஒரு வியாழக்கிழமை காலை. என்னைக் கட்டியவர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்த் திரும்பாமல் அப்போது ஆறு வருடம் ஆகியிருந்தது.

இரவில் அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் படுக்க வேண்டும், அதற்குத்தான் சம்பளம் என்று மகன் போனில் சொல்லியிருந்தார். ஆனால் அம்மா என்னை அந்தச் சின்ன அறைக்குக் கூட்டிப் போனார்.

“இது உன்னுது. எம் புள்ள கேட்டா எம் பக்கத்துலதான் படுத்துக்கினு இருக்கேன்னு சொல்லிடு. பொழுதுக்கும் ஒருத்தி மூச்சு வுடற சத்தத்தைக் கேட்டுக்கினு எனக்குத் தூக்கம் வராது.”

பிறந்த வீட்டில் ஒரே அறையில் ஏழு பேர் படுப்போம். புகுந்த வீட்டில் ஒன்பது பேர். உள்ளிருந்து தாழ் போட்டுக்கொள்ளும் கதவு எனக்கு அதுவரை வாய்த்ததில்லை. முதல் இரவு தாழைப் போட்டேன், பயந்து எடுத்தேன், மறுபடியும் போட்டேன். கிழித்த நாட்காட்டித் தாளின் பின்னால் எழுதிவைப்பது என் வழக்கம். அன்றைய தாளில் ‘தனியாகப் படுத்தேன்’ என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை.

அம்மாவின் கணவர் சரித்திர வாத்தியார். அவருடைய புத்தகங்கள் இரண்டு இரும்பு பீரோக்கள் நிறைய, அம்மாவின் அறையில் இருந்தன. ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கிப் படித்தேன். பழைய காலத்தில் சீமைப் பிரபுக்களின் மாளிகைகளில் வேலைக்காரர்கள் எசமானின் கால்மாட்டிலும், கதவுக்குக் குறுக்கேயும், கூடத்தில் வைக்கோல் பரப்பியும் படுத்தார்கள் என்று ஒன்றில் இருந்தது. நம் பக்கத்து அரண்மனைகளைப் பற்றியும் தேடினேன். யானை கட்டிய இடம் எழுதியிருந்தது, குதிரை கட்டிய இடம் எழுதியிருந்தது. கூட்டிப் பெருக்கியவள் எங்கே படுத்தாள் என்று எந்தப் பக்கத்திலும் இல்லை.

அம்மாவிடம் சொன்னேன். “எங்கியாவது சாஞ்சிருப்பாளுங்க” என்றார். “நான் மட்டும் இன்னா? எம் மாமியாரு உசுரோட இருந்தவரைக்கும் அடுப்புப் பக்கத்துலதான் படுத்தேன்.”

புரட்டாசியில் ஒரு மத்தியானம் தலையணையைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்தார். “இங்கதான்மே காத்து நல்லா வருது” என்று என் பாயில் படுத்தார். அந்த அறைக்கு ஜன்னலே கிடையாது. அதன்பிறகு தினமும் வந்தார். நான் சுவரில் சாய்ந்து படித்துக்காட்டுவேன். இடையிடையே கதை சொல்வார், தூங்கிப்போவார், மூன்றரைக்கு எழுந்து காப்பி கேட்பார்.

மார்கழியில் மகன், சொன்ன தேதிக்கு இரண்டு நாள் முன்பாகவே வந்துவிட்டார். அவரிடம் ஒரு சாவி இருந்தது. உள்ளே வந்தபோது அவருடைய அம்மா வேலைக்காரியின் பாயில் படுத்திருந்தார். என்னை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. இரவில் நான் எங்கே படுக்கிறேன் என்று கேட்டார். எனக்குப் பொய் வரவில்லை. அம்மாவிடம் உள்ளே போய்ப் பேசியது சமையலறை வரை கேட்டது. ராத்திரி விழுந்துவைத்தால் யாருக்குத் தெரியும், இன்னொரு தடவை இப்படியென்றால் முதியோர் இல்லம்தான் என்றார்.

மறுநாள் எனக்கென்று ஒரு புதுக் கட்டில் வந்து இறங்கியது. அம்மாவின் அறையில் அதைப் போட இடம் வேண்டியிருந்ததால், நான்கு ஆட்கள் பீரோக்கள் இரண்டையும் தூக்கிவந்து என் அறையில் நிறுத்தினார்கள். கால் நீட்ட இடமில்லை.

“இனிமே நீங்க கீழ படுக்க வேணாம். அங்க ஏசியும் இருக்கு” என்று என்னிடம் சொன்னார். நல்லது செய்ததாகத்தான் அவர் நினைத்தார். வாட்ச்மேனின் மனைவி வந்து கட்டிலை அழுத்திப் பார்த்து, உனக்கு அதிர்ஷ்டம் என்று தெலுங்கில் சொல்லிவிட்டுப் போனாள். நாட்காட்டித் தாள்களை எண்ணினேன். நூற்றுப் பதினேழு இரவுகள் அந்த அறையில் படுத்திருந்தேன்.

மகன் விமானம் ஏறிய மூன்றாம் நாள், அம்மா பீரோவைத் திறந்து புத்தகங்களை எடுத்துத் தரையில் அடுக்க ஆரம்பித்தார். மூச்சு வாங்கியது.

“வேணாம்மா” என்றேன்.

“நான் உனக்குக் குடுத்த ரூமு இது. அவன் யாரு எடுத்துக்கறதுக்கு?”

“மறுபடியும் வந்து பாத்தா உங்களத்தான் கொண்டுபோய் வுடுவாரு.”

எடுத்தவற்றை நானே திருப்பி வைத்தேன்.

அன்று விளக்கை அணைத்ததும் அம்மா சுவர்ப் பக்கம் புரண்டார். “நான் இந்தாண்ட திரும்பிக்கிறேன். நான் இல்லன்னு நெனச்சுக்கோமே. உனக்குன்னு ஒரு ரூமு.”

அதன்பின் நான் அங்கிருந்த இரண்டு வருடமும் சுவரைப் பார்த்தே படுத்தார், மத்தியானத்திலும். தலையணையோடு எழுந்து வர வேறு அறை இல்லை. மூன்றடி தள்ளி இன்னொரு கட்டிலில் நான். அவர் தூங்கவில்லை என்பது முதுகைப் பார்த்தாலே தெரியும். கூப்பிட்டுப் பேசலாம் என்று பலமுறை வாயெடுத்திருக்கிறேன். கூப்பிட்டால், அவர் கொடுத்ததை நான் வேண்டாமென்று சொன்னதாகிவிடும்.