டிஷ்யூ மிஸ்ஸின் நேரடித் தேர்வு

மதிய இடைவேளை மணி அடித்தால் அந்தப் பள்ளியின் நடைபாதையில் நிற்க முடியாது. ஆயிரம் பிள்ளைகள் ஒரே வாசலை நோக்கி ஓடுவார்கள். ஓடாமல் நிற்பவர்கள் ஓரிருவர். அவர்கள் நிற்குமிடம் மாடிப்படிக்குக் கீழே, துடைப்பமும் வாளியும் வைத்திருந்த ஒரு சிற்றறையின் வாசல். அது இப்போது பள்ளிச் சாப்ளினின், அதாவது ஆன்மிக ஆலோசகரின், அறை. பிள்ளைகளின் மனக்குறையைக் கேட்பதும், வேண்டுமென்பவர்களோடு ஜெபிப்பதும் அவர் வேலை. மேசையில் எப்போதும் டிஷ்யூ பெட்டி இருப்பதால் பிள்ளைகள் வைத்த பெயர் டிஷ்யூ மிஸ்.

வேலைக்குச் சேர்ந்தபோது அனுபவம் போதும் என்றார்கள். பிறகு மனநல ஆலோசனையில் முதுகலைப் பட்டம் இருந்தால்தான் நிரந்தரம் என்றார் தலைமையாசிரியர். ஐம்பதை நெருங்கும் வயதில் மிஸ் மறுபடி மாணவியானார். வாரநாளில் பள்ளி, சனிக்கிழமை கல்லூரி, ஞாயிற்றுக்கிழமை கட்டுரை. துணி மடித்துக்கொண்டே தூங்கிப்போவார்.

பஸ் ஓட்டும் கணவர் ஒருநாள் முதுகுவலி என்றார்.

"முதுகு ரொம்ப சிரமப்படுத்துதுன்னு உங்களுக்குத் தோணுது…" என்று மிஸ் தொடங்கினார்.

"அம்மா தாயே, கல்லூரிப் பாடத்தை என்கிட்ட நடத்தாத. தைலம் எங்க இருக்கு, அதைச் சொல்லு."

படிப்பில் கடைசியாக மிஞ்சியது நேரடித் தேர்வு. கல்லூரியின் மேற்பார்வையாளர் வந்து அறையின் மூலையில் அமர்ந்திருப்பார்; மிஸ் ஒரு மாணவரோடு உண்மையாகவே உரையாட வேண்டும். அதற்காகப் பரீட்சை பயமுள்ள ஒரு பையனிடம் முன்கூட்டியே சம்மதம் வாங்கியிருந்தார். தட்டினால் கொட்டும் வாய்க்காரன். அன்று பார்த்து அவனுக்குக் காய்ச்சல்.

மேற்பார்வையாளர் அம்மையார் கைப்பையை மடியில் வைத்துக் காத்திருந்தார். கதவு மெல்லத் திறந்தது. பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி. இரண்டு மாதமாக வாசல்வரை வந்து, மிஸ் நிமிர்ந்து பார்த்ததும் திரும்பிப் போகிறவள். இன்று உள்ளே கால் வைத்திருந்தாள்.

"இவங்க யாரு மிஸ்?"

"என் டீச்சர்மா. நான் ஒழுங்கா வேலை பாக்கறேனான்னு பாக்க வந்திருக்காங்க. இவங்க இருக்கலாமா? வேணாம்னா வேணாம்னு சொல்லு."

பெண் தோளைக் குலுக்கினாள். அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள மிஸ்ஸின் களைப்புக்கு ஆசையாக இருந்தது, எடுத்துக்கொண்டார்.

"மிஸ், எங்கம்மா…"

மூலையில் பேனா நகர்ந்தது. பெண் அதைப் பார்த்தாள். வாய் மூடிக்கொண்டது. பையின் வார் தோளில் ஏறியது.

இன்று போனால் இவள் இனி வரமாட்டாள் என்பது மிஸ்ஸுக்குத் தெரிந்தது. இன்று தேர்வு நடக்காவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரிந்தது. முழங்கால் வலிக்க எழுந்தார்.

"மேடம், கொஞ்சம் வெளிய இருக்கீங்களா?"

"வெளிய போனா நான் எதுக்கு மார்க் போடறது?"

"தெரியும் மேடம்."

அவர் போனார். கதவு சாத்திக்கொண்டது.

"காலைல அசெம்பிளியில உடம்பு சரியில்லாதவங்க பேரைச் சொல்லி ஜெபம் பண்றீங்கல்ல," என்றாள் பெண், மேசையைப் பார்த்தபடி. "அதுல எங்கம்மாவைச் சொல்லாதீங்க மிஸ்."

அவள் அம்மா ஆஸ்பத்திரியில் இருப்பதாக வகுப்பாசிரியை சொல்லியிருந்தார். இரண்டு மாதமாக வாரந்தோறும் மைக்கில் அந்தப் பெயரை முதலில் சொல்வது மிஸ்தான்.

"அம்மா ஆஸ்பத்திரில இல்ல. எங்களை விட்டுட்டுப் போயிட்டாங்க. அப்பாதான் அப்படிச் சொல்லச் சொன்னாரு. நீங்க ஜெபம் பண்ணினதும் எல்லாரும் வந்து, அம்மாக்கு இப்ப பரவால்லையான்னு கேக்கறாங்க. நான் தினம் ஒரு பொய் யோசிக்கணும்."

கல்லூரியில் கற்ற வாக்கியங்களில் ஒன்றும் மிஸ்ஸின் நாவுக்கு வரவில்லை. "நான்தான் உன்னை இந்தப் பாடு படுத்தியிருக்கேனா?" என்றார். பெண் ஆமென்று தலையாட்டினாள். பிறகு அழுதாள். மணி அடித்தும் இருவரும் எழவில்லை.

வெளியே மேற்பார்வையாளர் படியில் உட்கார்ந்திருந்தார். "பார்க்காததுக்கு நான் மார்க் போட முடியாதும்மா. அடுத்த வருஷம்தான் மறுபடி தேர்வு," என்றார். குரலில் கோபமில்லை. மிஸ்ஸும் வாதாடவில்லை. வாதாடவும் தெம்பு வேண்டுமே.

"இன்னும் ஒரு வருஷமா?" என்றார் கணவர் இரவுச் சாப்பாட்டின்போது. "பட்டமும் பென்ஷனும் ஒரே கவர்ல வரப்போகுது உனக்கு." சொல்லிவிட்டு மிஸ்ஸின் தட்டையும் தானே எடுத்துப்போய்க் கழுவினார்.

அந்த ஒரு பெயரை மட்டும் விட்டால் பிள்ளைகள் கவனித்துவிடுவார்கள். திங்கட்கிழமை அசெம்பிளியில் மிஸ் யார் பெயரையுமே சொல்லவில்லை. "கஷ்டத்தில் இருக்கும் எல்லோருக்காகவும்" என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார். பத்தாம் வகுப்பு வரிசையை அவர் பார்க்கவே இல்லை.

கலைந்து போகையில் கணக்கு வாத்தியார் அருகில் வந்தார். "என்ன மிஸ், ஜெபம் இவ்ளோ சுருக்கமா? மேல்படிப்புல சொல்லிக் குடுத்ததா?"

"இல்ல சார். அதுல நான் பெயிலு," என்று சொல்லிவிட்டு, மாடிப்படிக்குக் கீழே இருந்த அறைக்கு மெதுவாக நடந்தார்.