சாயம் போகாது என்று சொன்ன வாய்

வாயை முதலாகப் போட்டுச் செய்கிற தொழில் விளம்பரத் தொழில். என்னுடைய அந்த முதலை அழித்தவர் நீங்கள்தான், துணிக்கடை முதலாளி. நீங்கள் சொல்லச் சொன்ன பொய்யை, நானாகச் சேர்த்த பொய் என்று ஊருக்குச் சொன்னீர்கள். உங்கள் பெயரை இங்கே எழுதமாட்டேன். வாசிக்கும்போது உங்களுக்கே தெரியும்.

மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. கடைவாசலில் கால் கடுக்க நின்று, "பிறகு வா" என்பதை ஆயிரம் தரம் கேட்டு, ஒரு ஓடருக்கு நூறு கதை கதைக்கிற என் இனத்தவர்களே, உங்களுக்கு நான் பெரிதாக விளக்கத் தேவையில்லை. திருகோணமலையில் காரின் மேல் ஒலிபெருக்கிப் புனல் கட்டி, முன் சீட்டில் மைக்கோடு இருந்து, சவர்க்காரம் முதல் சாரம் வரை கூவி விற்ற பொம்பிளை நான். "மைக் அக்கா" என்றால் டவுனிலும் தெரியும், கரையோர ஊர்களிலும் தெரியும். கோபக்காரி என்றும் சொல்வார்கள். அதுவும் பொய்யில்லை.

டொக்யாட் வாசல்

ஒலிபெருக்கி வாடகைக்குக் கொடுக்கிற கடையொன்றில் பற்றுச்சீட்டுத் துண்டு எழுதுவதுதான் என் முதல் வேலை. படிப்பு ஏழாம் வகுப்போடு நின்றுவிட்டது. ஒருநாள் புதுச் சப்பாத்துக் கடையொன்றின் திறப்பு. அறிவிப்புச் செய்கிறவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. "நான் சொல்லுறன்" என்றேன். சப்பாத்துக் கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்து, "பொம்பிளைக் குரலில திறந்தா கடை உருப்படுமோ?" என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஒரு சுற்றுப் போய்வாறன். சனம் வராட்டில் ஒண்டும் தரவேண்டாம். வந்தால் ஆம்பிளைக்குக் குடுக்கிற கூலியையே எனக்கும் தரவேணும்" என்று நின்ற இடத்திலேயே பேரத்தை முடித்தேன்.

கப்பல் திருத்துகிற டொக்யாட்டில் வேலை விடுகிற நேரம் பார்த்து வாசலில் காரை நிறுத்தி வாயைத் திறந்தேன். வெளியே வந்த சைக்கிள்கள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று முட்டிக்கொண்டு நின்றன. பின்னேரம் கடைக்குள் நிற்க இடமில்லை. கூலியைக் கையில் தரும்போது அந்த மனிசன் சொன்னார்: "பிள்ளை, சப்பாத்து வாங்க ஒருத்தரும் வரேல்லை, உன்னைப் பாக்கத்தான் வந்தவை. ஆனா வந்தவை வெறுங்காலோட போகேல்லை."

சத்தமில்லாத கால் மைல்

பிறகு சொந்தமாகத் தொடங்கினேன். கிண்ணியாவைச் சேர்ந்த மஜீத் காக்கா தன் பழைய காரோடு என்னிடம் சேர்ந்தார். எங்கள் பக்கத்து முஸ்லிம் ஊர்களில் அண்ணனைக் காக்கா என்பார்கள். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். அதிகம் கதைக்கமாட்டார். ஒரு சவர்க்கார ஓடருக்காக இறக்கக்கண்டிக்குள் போகிறோம். நடு வாக்கியத்தில் என் குரல் அறுந்தது. பார்த்தால் காக்கா சுவிட்சை நிற்பாட்டிவிட்டு, காரை மாட்டுவண்டி வேகத்தில் உருட்டுகிறார். ஒரு வீட்டு வாசலில் தொப்பி போட்ட ஆட்கள் தலை குனிந்து நின்றார்கள், உள்ளே அழுகை கேட்டது.

வீட்டைத் தாண்டியதும் நான் பாய்ந்தேன். "இறக்கக்கண்டியையும் சேர்த்துத்தானே ஓடர் எடுத்தனான்! கால் மைல் வாயைப் பொத்திக்கொண்டு வந்தால் நான் என்ன பதில் சொல்லுறது?" காக்கா ஸ்டியரிங்கில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. அவர் அன்று சொன்னதுதான் பிறகு எங்கள் நிறுவனத்தின் சட்டம். செத்தவீடு மட்டுமில்லை, கோவிலடி, பள்ளிவாசல், சேர்ச் எல்லா இடத்திலும் மைக்கை நிற்பாட்டுவோம். "தங்கச்சி, மௌத்தான வீட்டு வாசல்ல சவுக்காரம் விக்க எனக்கு ஏலாது. நீங்க இறங்கி நடந்து கத்துங்க, நான் சந்தியில நிக்கிறன்."

நிற்பாட்டாத மைக்

குச்சவெளியில் அறிவிப்பு முடிந்து, மீன் வாங்கக் காருக்குள் இருந்தபடியே பேரம் பேசினேன். மீன்காரர் பெட்டியைக் கண்ணாடி வரை தூக்கிக் காட்டினார். "உது நேற்றையான் பாரை மீன். கண்ணைப் பாரும், உம்மைவிட அதுக்கு நித்திரை வருகுது" என்றேன். மடியில் கிடந்த மைக்கை நான் நிற்பாட்டியிருக்கவில்லை. தென்னந்தோப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பலை வந்த பிறகுதான் விளங்கியது.

பெட்டியைச் சுற்றி நின்ற இரண்டு பேர் மெல்ல நழுவினார்கள். மீன்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. நான் இறங்கி ஒவ்வொரு மீனாகச் செவுளைத் தூக்கிப் பார்த்தேன். நல்ல மீன். விலையைக் குறைக்கத்தான் அப்படிச் சொன்னேன். பேரம் பேசுகிற எல்லாரும் சொல்கிற பொய். அவர் கோபிக்கவில்லை. அந்தக் குரல்தான் இன்றைக்கும் என்னைச் சுடுகிறது: "அக்கா, நான் நூறு தரம் புதுசு எண்டு கத்தினாலும் ஆரும் நம்பமாட்டினம். நீங்க ஒருக்காப் பழசு எண்டா ஊரே நம்பும்."

ஐயா இல்லையோ?

நாளடைவில் டவுனில் ஒரு அறை, ஒரு மேசை, நாலு கதிரை. சுவர் விளம்பரம் எழுத சூசை வந்து சேர்ந்தார். என்னைப்போலப் பாதியில் படிப்பு நின்ற இரண்டு பெண்களை அறிவிப்புக்குப் பழக்கினேன். அவர்களுக்கு நான் சொன்னது ஒன்றே ஒன்று: கூலியைக் கேட்கும்போது நிலத்தைப் பார்க்காதே.

கொழும்பிலிருந்து ஒரு கம்பனி ஏஜன்ட் வந்தார். நான் மேசைக்குப் பின்னால் இருக்கிறேன். என்னைத் தாண்டி அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஐயா இல்லையோ?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள், வாசலில் பெயின்ற் கலக்கிக்கொண்டிருந்த சூசை தலையை நிமிர்த்தாமலே பதில் சொன்னார்: "ஐயா நான்தான். ஆனா எனக்கு லீவு வேணுமெண்டாலும் அக்காட்டத்தான் கேக்கோணும்."

சீத்தை

இனி உங்கள் கதை, முதலாளி.

பெருநாளுக்கு முந்தின மாதம் என் அறைக்கு வந்தீர்கள். நல்ல சிவப்புச் சீத்தைத் துணி வந்திருக்கிறது, கரையோரம் முழுக்கச் சொல்லவேணும் என்றீர்கள். "எத்தினை தரம் தோய்ச்சாலும் சாயம் போகாது எண்டு அடிச்சுச் சொல்லு பிள்ளை" என்றீர்கள். "நிச்சயமோ?" என்று கேட்டேன். "என்ர வாயில நம்பிக்கையில்லையோ?" என்று முகத்தைச் சுருக்கினீர்கள். அந்த நாளில் எங்கள் தொழிலில் எழுத்து இல்லை, எல்லாம் வாய்தான். கூலிக்கு உங்களோடு ஒரு மணித்தியாலம் மல்லுக்கட்டின நான், அந்தத் துணியில் ஒரு முழத்தைத் தண்ணீரில் போட்டுப் பார்க்கவில்லை. அது என் பிழை. அதை நான் யார் தலையிலும் போடவில்லை.

கப்பல்துறை முதல் குச்சவெளி வரை நானே மைக் பிடித்தேன். துணி பறந்தது. பெருநாள் கழிந்த கிழமை, வேறொரு ஓடரோடு குச்சவெளிக்குப் போனோம். வழமையாகக் காருக்குப் பின்னால் ஓடிவருகிற பிள்ளைகளைக் காணவில்லை. ஒரு பெண் நடு றோட்டில் நின்று காரை மறித்தார். கையில் ஒரு ஆண்பிள்ளைச் சாரம். வெள்ளையாக இருந்தது, இப்போது வெற்றிலை துப்பியது போலத் திட்டுத் திட்டாகச் சிவப்பு. மகளின் புதுச் சீத்தைச் சட்டையோடு ஒரே தண்ணீரில் ஊறப்போட்டாராம். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். "உங்கட குரலுக்குத்தான் வாங்கினன், அக்கா. கடைக்காரர் ஆரெண்டே எனக்குத் தெரியாது."

திருப்பிச் சொன்னது

அங்கிருந்து நேரே உங்கள் கடைக்கு வந்தேன். துணியைத் திருப்பி எடுங்கள் என்று நான் கேட்டபோது கடை நிறையச் சனம். நீங்கள் அளவுகோலைக் கீழே வைத்து, அமைதியாக, எல்லாருக்கும் கேட்கும்படி, "சாயத்தைப் பற்றி நான் ஒண்டும் சொல்லச் சொல்லேல்லை. அது அவ தன்ர வாயால சேர்த்தது" என்றீர்கள். நான் அன்று உங்கள் மேசையில் அடித்ததும், பேசினதும் ஊருக்குத் தெரியும். கத்தினவள் பொய்காரி, அமைதியாக நின்றவர் உத்தமர் என்று சனம் முடிவெடுத்துவிட்டது. கோபக்காரிக்கு அதுதான் தண்டனை.

அடுத்தநாள் காலையில் காரை எடுத்தோம். ஒருவருடைய ஓடரும் இல்லாத முதல் பயணம். ஊர் ஊராக நின்று, "அந்தச் சீத்தையில் சாயம் போகும். தனியாகத் தோயுங்கோ. சோதிக்காமல் சொன்னது என் பிழை, மன்னியுங்கோ" என்று சொன்னேன். உங்களைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. சொன்னால் அதுவும் நான் சேர்த்ததாகிவிடும். இறக்கக்கண்டி தாண்டும்போது எனக்கு அழுகை வந்து, நடு வாக்கியத்தில் குரல் அறுந்தது. காக்கா அன்றைக்கு மட்டும் சுவிட்சில் கை வைக்கவில்லை. "அழுறதெண்டா மைக்குலயே அழுங்க தங்கச்சி, அதையாவது ஆரும் பொய்யெண்டு சொல்லமாட்டானுகள்."

வாளி

அதன் பிறகு ஆறு கடைக்காரர் என்னை விட்டுப் போனார்கள். பிழையை மைக்கில் சொல்கிறவளிடம் எவன் சரக்கைக் கொடுப்பான்? மிஞ்சினவர்களுக்காக அறை மூலையில் ஒரு வாளி தண்ணீர் வைத்தேன். துணி வந்தால் முதலில் வாளிக்குள். தைலம் வந்தால் சூசையின் முழங்காலில். அறிவிக்கிற ஒவ்வொரு வரியும் தாளில், அடியில் ஓடர் தருகிற கடைக்காரரின் கையெழுத்து. என் பெண்கள் இருவரும் அந்தத் தாள் இல்லாமல் காரில் ஏறமாட்டார்கள், நான் சொன்னாலும் ஏறமாட்டார்கள். அதில் எனக்குப் பெருமை.

ஒரு பாய் வியாபாரி பாய்ச் சுருளோடு வந்தவர், வாளியையும் தாளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கதிரையில் தொப்பென்று இருந்தார்: "விளம்பரம் குடுக்க வந்தனான் அக்கா, இதென்ன, பொலிஸில முறைப்பாடு எழுதிற மாதிரி!" கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் போனார்.

முதலாளி, வருசங்கள் போய்விட்டன. தலை இரண்டு பேருக்கும் நரைத்துவிட்டது. ஆனாலும் புதிதாக ஒருவர் ஓடர் தர வந்தால், யாரோ அவர் காதுக்குள் போய் "சீத்தைக் கதை தெரியுமோ?" என்கிறார்கள். நான் பழக்கிய இரண்டு பெண்களும் நாளைக்கு இந்தத் தொழிலை எடுத்து நடத்தப்போகிறவர்கள். என் பொய் என்று நீங்கள் சொன்னதை அவர்கள் சுமக்க நான் விடமாட்டேன். ஆகையால் ஒருநாள் காலையில் வந்து முன் சீட்டில் ஏறுங்கள், குச்சவெளி வரை ஒவ்வொரு சந்தியிலும் "சொல்லச் சொன்னது நான்தான்" என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். என் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு வியாபாரிக்கு மைக்கை இலவசமாகத் தருகிறேன், இதிலாவது பேரம் பேசாமல் வாருங்கள்.