மூன்றும் அசல்

செவ்வாய்க்கிழமை காலை சிதம்பரம் அலுவலகத்தைத் திறந்துகொண்டிருந்தபோது வளர்மதியின் அண்ணன் போனில் பேசினார். "புதுச்சத்திரம் கிட்ட லாரியில மோதிட்டாப்பா. மதி இல்ல." பின்விளக்கு இல்லாத மணல் லாரி, மழையில் சாலையோரம் நின்றிருக்கிறது. அந்தச் சாலையில் அப்படி எத்தனை லாரிகள் நிற்கின்றன என்று உங்களுக்குத் தெரியும்.

கல்லூரியில் என்னோடு படித்தவள். கடலூர்ப் பக்கத்து மீனவர் வீட்டுப் பெண். ஒரே நிறுவனத்தில் இருவருக்கும் ஒப்பந்த வேலை. எந்தப் படகு கடலுக்குப் போனது, எது திரும்பியது என்று பதியும் மென்பொருளை எழுதியவள் அவள்தான். கடலூர், பரங்கிப்பேட்டை, சிதம்பரம் என மூன்று ஊர்களில் மூன்று கணினிகள். மூன்றிலும் முழுப் பதிவேடு. குறைந்தது இரண்டு கணினிகள் ஒத்துக்கொண்டால்தான் ஒரு வரி செல்லும். ஒன்று மாறிச் சொன்னால் மற்ற இரண்டும் அதைத் திருத்திவிடும்.

எங்கள் மேலாளருக்கு இது கடைசிவரை பிடிபடவில்லை. மூன்றையும் கடலூரில் ஒரே அறையில் வைக்கச் சொன்னார்.

"தண்ணி வந்தா மூணும் சேந்து முழுகிடும் சார்."

"சரிம்மா, கடலூர்ல இருக்கறது அசல். மத்ததெல்லாம் நகல். அப்பிடித்தான?"

"இதுல நகலே கெடையாது சார். மூணும் அசல்."

"அப்போ என்னயும் மூணா வச்சிக்கலாம்னு சொல்லு."

"ஒருத்தரையே தாங்க முடியல சார்."

அவரும் சிரித்துவிட்டார்.

போன மழைக்காலத்தில் ஒருநாள் இணைப்பு அறுந்து கடலூர்க் கணினி தனியாகிப்போனது. எல்லாப் படகும் திரும்பிவிட்டதாக மேலிடத்துக்கு எழுத மேலாளர் அவசரப்பட்டார். திரையில் 'உறுதி இல்லை' என்றே வந்தது. "அத மாத்தி உடும்மா" என்றார். வளர்மதி நாற்காலியைவிட்டு எழவில்லை. "தனியா நிக்கும்போது அதுக்குத் தெரியாது சார். தெரியலன்னு சொல்லத்தான் எழுதியிருக்கேன்." இணைப்பு திரும்பியபோது இரண்டு படகுகள் இன்னும் வெளியே இருந்தன. தேடிப் போய்க் கரைசேர்த்தார்கள். அதில் ஒன்று அவள் அண்ணனுடையது என்று எனக்கு மறுநாள்தான் தெரியும். அவள் யாரிடமும் அதைச் சொல்லிக் கெஞ்சவில்லை.

இறந்த அன்று பரங்கிப்பேட்டையில் பேட்டரி மாற்றப் போய்க்கொண்டிருந்தாள். மேலாளர்தான் போகச் சொன்னார். வண்டி தரவில்லை, சொந்த ஸ்கூட்டியில் போனாள். வேலை உத்தரவுகளும் அதே பதிவேட்டில்தான் ஏறும்; முந்தைய நாளே இதுவும் ஏறியிருந்தது. நிறுவனம் மலர்மாலை அனுப்பியது. கூடவே, 'சொந்த வேலையாகச் சென்றபோது' என்று ஒரு கடிதமும். அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஊரு சுத்தப் போயி செத்துட்டான்றாங்களே தம்பி. அப்பிடியா?"

அடுத்த நாள் பதிவேட்டைப் பார்த்தேன். கடலூரில் அந்த வரி அழிக்கப்பட்டிருந்தது. மற்ற இரண்டு கணினிகளும் ஒத்துப்பார்த்து அதைத் திரும்ப எழுதியிருந்தன. மறுபடி அழிப்பு. மறுபடி எழுத்து. அசலை அழித்தால் தீர்ந்தது என்று இன்னும் நம்பிக்கொண்டிருந்தார்கள். மதியம் மேலாளர் கூப்பிட்டார்.

"தம்பி, அந்த வரி திரும்பத் திரும்ப வருது. சிதம்பரத்துலயும் எடுத்துடு."

"அது அவுங்க வேலைக்குப் போனதுக்கு ஆதாரம் சார்."

"நீயும் ஒப்பந்தம்தான? பாத்து நடந்துக்க."

நான் எடுக்கவில்லை. வரியை அச்சிட்டு, அவள் வேலையாகத்தான் போனாள் என்று கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டு அம்மாவிடம் கொடுத்தேன். மறுநாள் என்னை வரவேண்டாம் என்றார்கள்.

வளர்மதியிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அவளுடைய பிடிவாதம். தெரியாததைத் தெரியும் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. தெரிந்ததைத் தெரியாது என்று நான் சொல்லப்போவதில்லை. பரங்கிப்பேட்டை அலுவலக நண்பரே, அவளை அறிந்தவர் என்பதால் இதை நீங்களும் படிப்பீர்கள். அந்த வரி உங்கள் திரையிலும் இருக்கிறது. அம்மாவின் கையில் இப்போது ஒரு கையெழுத்துதான் இருக்கிறது. ஒன்று போதாது.