மெயினை இறக்காதீங்க

அந்தப் பட்டறையில் மெஷினை யாரும் அதனதன் சுவிட்சில் நிறுத்த மாட்டார்கள். மெயின் சுவிட்சின் கைப்பிடியைக் கீழே இழுத்து, அதே கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு டீ குடிக்கப் போவார்கள். எப்போதோ ஒருவருக்கு ஷாக் அடித்ததிலிருந்து வந்த பழக்கம். பீங்கான் களிமண் அரைக்கும் மில்லுக்கு அது சரி. ஏற்றினால் மறுபடி சுற்றும். கம்ப்யூட்டரும் அப்படித்தான் என்று நினைத்தார்கள். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

இரண்டாயிரத்துக்குப் பிறகான முதல் சில வருடங்கள். விருத்தாசலத்தில் பீங்கான் ஃபியூஸ் கட்டை செய்யும் சின்னப் பட்டறை அது. சூளையின் சூடு காட்டும் மீட்டர் கெட்டதும், புதிது வாங்க மனம் வராத முதலாளி ஒரு பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து சூளையோடு வயர் போட்டு இணைத்தார். அதைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அதிலிருந்த திருட்டு விண்டோஸ் வைரஸ் பிடித்துப் படுத்துக்கொண்டே இருந்தது. அதை எடுத்துவிட்டு, காசில்லாமல் கிடைக்கும் லினக்ஸைப் போட்டேன்.

லினக்ஸ் எதையும் மறைக்காது. ஆன் செய்தால் கீபோர்டு, டிஸ்க், சூளை வயர் செருகிய போர்ட்டு என்று ஒவ்வொன்றாகத் தேடி, கிடைத்ததா இல்லையா என்று திரையில் எழுதும். டிஸ்கில் எழுத வேண்டியதைக் கொஞ்ச நேரம் நினைவில் வைத்திருக்கும். அணைக்கச் சொன்னால், ஓடும் வேலைகளை முடித்து, மிச்சத்தை எழுதி, டிஸ்கை மூடிவிட்டுத்தான் நிற்கும். நடுவில் கரண்டைப் பிடுங்கினால் டிஸ்க் பாதி எழுத்தோடு கிடக்கும். எத்தனை தடவை சொன்னேன்! சுவரில் எழுதி ஒட்டினேன். அதில் களிக் கையைத் துடைத்துவிட்டுப் போனார்கள்.

இதற்காகத்தான் யு.பி.எஸ். வாங்கச் சொன்னேன். வாங்கிய வாரமே முதலாளி அதை வீட்டு டி.வி.க்குத் தூக்கிப் போனார். கரண்டு போனால் அவர் சம்சாரத்துக்கு சீரியல் விட்டுப்போகிறதாம்.

அப்புறம் இப்படிப் பிடுங்கியதில் சூடு தெரியாமல் போய், ஒரு சூளைச் சரக்கு முழுக்க விரிசல் விட்டு வெடித்தது. "இன்னொரு லோடு வெடிச்சா நீ வூட்டோட இருந்துக்கம்மா" என்றார் முதலாளி.

அடுத்த சூளை எரிந்துகொண்டிருந்தது. பர்னர் தனி லைன். கம்ப்யூட்டரும் மில்லும் ஒரே லைன். காலை டீக்கு மேஸ்திரி கைப்பிடியை இழுத்தார், கண்ணில் ஒற்றினார். திரை கறுத்தது. நான் கத்தியதும் ஏற்றினார். லினக்ஸ் எழுந்து, தன்னை ஒழுங்காக மூடவில்லை என்று கண்டுகொண்டு, டிஸ்கை முழுக்கச் சோதிக்க ஆரம்பித்தது. சூளையின் சூடு எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது.

"மாட்டிக்கிச்சு. இன்னொரு வாட்டி இறக்கி ஏத்துனா சரியாப் பூடும்" என்று மேஸ்திரி மறுபடி கையை நீட்டினார்.

நான் போய்க் கைப்பிடியை மறித்துக்கொண்டு நின்றேன். "தொட்டீங்க, கையை ஒடிச்சிருவேன் மேஸ்திரி."

"யம்மாடி! ஓசியில வந்ததுக்கே இவ்ளோ கோவமா?" மில்காரர் சிரித்தார். "காசு குடுத்து வாங்கியிருந்தா கொலையே பண்ணுவ போலருக்குது."

முதலாளி ஓடி வந்தார். "சூளை என்னாவறதும்மா?"

"பர்னரைக் கொறைக்கச் சொல்லுங்க சார். இத்த முடிக்க வுடுங்க."

எல்லோரும் என்னை முறைத்துக்கொண்டு டீ குடித்தார்கள். சோதனை முடிந்தது. போர்ட்டு கிடைத்தது. திரையில் சூடு வந்தது, வேண்டிய அளவுக்குக் கொஞ்சம்தான் கீழே.

"நான் அப்பவே சொன்னேன்ல, நல்ல மிஷினுன்னு" என்றார் முதலாளி. அவர் ஒரு மண்ணும் சொல்லவில்லை. சாயங்காலம் அதே கை அதே கைப்பிடிக்குப் போகும்.

சாப்பாட்டு நேரத்தில் நேராக அவர் வீட்டுக்குப் போனேன். சம்சாரம் டி.வி. முன்னால் இருந்தார். ஓடும்போதே யு.பி.எஸ்ஸைப் பிடுங்கினேன்.

"ஏய், ஓடுது இல்ல! நிறுத்திட்டுப் புடுங்கக் கூடாதா?"

"இதுல கெட்டுப் போறதுக்கு ஒண்ணும் இல்லக்கா."

சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்தேன். கம்ப்யூட்டரை முறையாக அணைத்து, யு.பி.எஸ்ஸில் மாட்டி, மறுபடி ஆன் செய்தேன். எந்தச் சோதனையும் கேட்காமல் எழுந்தது. முதலாளி யு.பி.எஸ்ஸைப் பார்த்துவிட்டுச் சூளைப் பக்கம் போனார்.

சாயங்காலம் மேஸ்திரி கைப்பிடியை இழுத்துக் கண்ணில் ஒற்றினார். மில் நின்றது. திரை அணையவில்லை.

சூளை திறந்தபோது சரக்கு வெடிக்கவில்லை. யாரும் எனக்கு நன்றி சொல்லவில்லை. நானும் யு.பி.எஸ்ஸைத் திருப்பிக் கொடுக்கவில்லை.